காலியாக இருந்த எண்

ஞாயிற்றுக்கிழமை, மத்தியானம் மூன்று மணி. தொழிற்பேட்டைச் சாலை. இரண்டு பக்கமும் ஷட்டர் இறக்கின கம்பெனிகள். ஒரு நாய்கூட இல்லை. வெயில் மட்டும்... தார் இளகிச் செருப்பில் ஒட்டியது. ஒவ்வோர் அடிக்கும் 'சப்... சப்...' என்று சத்தம். பின்னால் இன்னொரு 'சப்' கேட்பது போலிருந்தது அவருக்கு. நின்றார். அதுவும் நின்றது.

எங்களோடு படிக்கிற தாடி இப்படித்தான் ஆரம்பித்தான்.

எங்கள் மாலைக் கம்ப்யூட்டர் வகுப்பில் அன்று கரண்ட் போய்விட்டது. வெளியே கொட்டுகிற மழை. யாரும் கிளம்ப முடியவில்லை. நாற்காலிகளை இழுத்துக்கொண்டு ஒரே மேசையைச் சுற்றி நெருக்கி உட்கார்ந்திருந்தோம். மூலையில் யூ.பி.எஸ். மட்டும் 'பீப்... பீப்...' என்று கத்திக்கொண்டிருந்தது. சார் அன்றைக்கு முழுக்கத் தாடியை எல்லார் முன்னாலும் வறுத்து எடுத்திருந்தார். நாங்களும் சிரித்திருந்தோம். அதனால் அவனுக்கு எங்கள் எல்லோர்மேலும் கடுப்பு. எங்களைத் தூங்கவிடக் கூடாது என்றே சொன்னானா, நடந்ததைச் சொன்னானா, எனக்கு இன்னும் தெரியவில்லை. கேட்ட வரிசையிலேயே எழுதுகிறேன். சில இடங்களில் வார்த்தை மாறியிருக்கலாம்.

"அது எங்க அக்கா வீட்டுக்காரரு. அத்தான்," என்றான்.

"ஊர்ல இருக்கற பேயெல்லாம் உங்க சொந்தக்காரங்களையே தேடிப் புடிக்குமா?" என்று கேட்டார் எங்கள் வகுப்பில் இருந்த, வங்கியில் வேலை செய்கிற அம்மா. பகலெல்லாம் ஆட்களைக் குறுக்குக் கேள்வி கேட்டுப் பழகியவர்.

"மேடம், வாயை மூடிக்கிட்டுக் கேட்டீங்கன்னா சொல்றேன். இல்லேன்னா நனைஞ்சுக்கிட்டே வீட்டுக்குப் போங்க."

"சொல்லுடா, சொல்லு," என்றார் சார். இருட்டில் குரல் மட்டும் வந்தது. "பாடத்துலதான் உனக்கு வாய் தொறக்காது."

தாடி அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னால் நடந்ததைச் சொல்லத் தொடங்கினான்.

அத்தான் சேர்ந்தது ஒரு லாரிக் கம்பெனி. எந்த லாரி எங்கே போக வேண்டும், யார் எந்தக் கதவைத் திறக்கலாம், யாருக்கு யார் மெயில் அனுப்பினார்கள்... எல்லாம் சர்வர் என்கிற ஒரே பெரிய கம்ப்யூட்டரில்தான். முன்பு விலை கொடுத்து வாங்கின சிஸ்டம் ஓடியது. வருஷா வருஷம் லைசென்ஸ் புதுப்பிக்கும்போது முதலாளிக்கு வயிறு எரியும். அப்போது சர்வரைப் பார்த்துக்கொண்டிருந்த ஆள்தான் எல்லாவற்றையும் லினக்ஸுக்கு மாற்றிக் கொடுத்தவர். ஓப்பன் சோர்ஸ். லைசென்ஸ் கிடையாது. யார் வேண்டுமானாலும் உள்ளே திறந்து பார்க்கலாம், மாற்றிக்கொள்ளலாம்.

"ஆனா அந்த ஆளு மட்டும் யாரையும் கிட்டவே சேர்க்க மாட்டாரு," என்றான் தாடி.

ஆபீசில் அவருக்குப் பட்டப்பெயர் கடுவன். எப்போதும் சர்வர் அறையில்தான். கழுத்துவலி என்று தைலம் தேய்த்துக்கொண்டே இருப்பார். அந்த ஏ.சி. குளிரில், மெஷின் விசிறிகள் இரைகிற சத்தத்தில், தைல நெடி மூக்கில் ஏறும். எவருக்கும் எதையும் சொல்லித்தரவில்லை. யாராவது கீபோர்டைத் தொட்டுவிட்டால் போதும். "எவன்டா என் மெஷின்ல கை வெச்சது?" மாடி வரைக்கும் கேட்கும்.

ஒரு நாள் அந்த நாற்காலியிலேயே செத்துக் கிடந்தார். கை கீபோர்டுமேல். திரையில் ஒரே எழுத்து... வரி வரியாக... ஓடிக்கொண்டே இருந்ததாம்.

அந்த இடத்துக்குத்தான் அத்தான் வந்தார். அதற்கு முன்னால் இரண்டு கம்பெனிகளில் வேலை போன ஆள். மறுபடியும் அக்கா முகத்தைப் பார்த்து 'போச்சு' என்று சொல்ல அவருக்குத் தெம்பில்லை. முதல் நாளே முதலாளி முதுகுக்குப் பின்னால் வந்து நின்றுகொண்டார்.

"அந்த ஆளோட அக்கவுண்டைத் தூக்கு. உன்னுதைப் போடு. இப்பவே."

"அவரோட ஃபைலையெல்லாம் முதல்ல வேற பேருக்கு மாத்தணும் சார். கொஞ்சம் டைம் குடுத்தீங்கன்னா..."

"வந்த அன்னிக்கே சாக்கா? செத்தவன் எழுந்து வந்து கேக்கப் போறானா? தூக்குய்யா."

தூக்கினார். புதிதாகத் தன் பெயரைச் சேர்த்தார்.

"நம்பர்?" என்று கேட்டார் சார். குரல் மாறியிருந்தது. "புது நம்பர் குடுத்தானா, இல்லே அப்படியே என்டர் தட்டினானா?"

"என்டர்தான் சார்."

சார் உச்சுக் கொட்டினார்.

இதை நாங்கள் போன வாரம்தான் படித்திருந்தோம். சரியாகப் புரிந்துகொண்டேனா என்று சந்தேகம் இருந்ததால் இரண்டு தடவை வாசித்துப் பார்த்தேன். அந்த மெஷினுக்கு ஆளுடைய பெயர் பொருட்டே இல்லை. ஒவ்வோர் ஆளுக்கும் ஓர் எண். ஃபைலின்மேல் பதிந்திருப்பது அந்த எண். பெயர் என்பது நாம் வாசிப்பதற்காக மேலே ஒட்டின சீட்டு. ஆளை நீக்கினால் சீட்டுத்தான் கிழியும். அவருடைய ஃபைல்கள் அந்த எண்ணோடு அப்படியே கிடக்கும். அடுத்து வருகிறவருக்கு நாமாக எண் சொல்லாவிட்டால், காலியாக இருக்கிற எண்ணை மெஷின் எடுத்துக் கொடுத்துவிடலாம்.

"கடுவனோட நம்பர் அத்தானுக்கு வந்துடுச்சு," என்றான் தாடி. "அந்த ஆள் விட்டுட்டுப் போன அத்தனையும் ஒரே நொடியில அத்தான் பேர்ல நின்னுச்சு."

மூலையில் 'பீப்... பீப்...'

முதலில் அத்தானுக்குச் சந்தோஷம்தான். அட, வேலை மிச்சம் என்று நினைத்தார். பிறகு மெயில்கள் கிளம்ப ஆரம்பித்தன. ஆபீசில் ஒவ்வொருத்தருக்கும். அத்தான் பெயரில். கணக்குப் பார்க்கிற பெண்ணை அழவைக்கிற மாதிரி ஒன்று. டிரைவர்களைத் திருடர்கள் என்று ஒன்று. அவர்கள் சண்டைக்கு வந்தார்கள். "நான் அனுப்பலைங்க," என்றார் அத்தான். அவர் நாற்காலியிலிருந்து, அவர் உட்கார்ந்திருந்த நேரத்தில்தான் போயிருக்கிறது என்று சர்வர் காட்டியது. மதியம் அவர் சாப்பிட உட்கார்ந்தால் பக்கத்து மேசை காலியாகும். கார்டு காட்டித் திறக்கிற கதவுக்கு வெளியே, கார்டை மறந்துவிட்டு நின்றால், உள்ளே இருப்பவர் யாரும் திறந்துவிட மாட்டார்.

ஒரு நாள் புதுப் பையன் ஒருத்தன் தெரியாமல் கீபோர்டைத் தொட்டான். அத்தான் கத்தினார். என்ன கத்தினார் என்று நான் எழுத வேண்டியதில்லை. கத்தி முடித்தபிறகுதான் அந்தக் குரல் தன் தொண்டையிலிருந்து வந்தது என்பதே அவருக்கு உறைத்தது. ஆபீசே எழுந்து நின்று பார்த்துக்கொண்டிருந்ததாம்.

வீட்டில் அக்கா கேட்டாள். "என்ன, எப்பலேர்ந்து தைலம் தேய்க்கறீங்க? குடலைப் புரட்டுது."

"நான் எங்கடி தேய்ச்சேன்?"

கையை முகர்ந்து பார்த்தார். சோப்புப் போட்டுக் கழுவினார். மறுபடி முகர்ந்தார். பாப்பா அவர் தூக்க வந்தாலே வீறிட்டுக் கத்தி அக்கா கழுத்தைக் கட்டிக்கொள்ளும். மூன்று வயதுக் குழந்தை. அப்பா மடியைவிட்டு இறங்காத குழந்தை. அன்றைக்கு ராத்திரி அத்தான் சாப்பிடவில்லை. "இது என்னன்னு எனக்குத் தெரியும். சரி பண்ணிடறேன். பாப்பா எங்கிட்ட வந்தாப் போதும்," என்றாராம்.

அப்படித்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை, ஆளில்லாத நேரம் பார்த்து, தனியாகப் போனார்.

கேட்டில் காவலாளி தூக்கக் கலக்கத்தில் எழுந்து நின்றான். அத்தானை மேலும் கீழும் பார்த்தான்.

"என்ன சார் இது... இப்பத்தானே உள்ள போனீங்க?"

அத்தான் உள்ளே நடந்தார். கார்டைக் காட்டினார். பச்சை விளக்கு. சர்வர் அறைக் கதவு 'டிக்' என்று திறந்து, பின்னால் தானாகச் சாத்திக்கொண்டது. குளிர். விசிறிகளின் இரைச்சல். தைல நெடி... முகத்துக்கு நேரே யாரோ மூச்சு விடுகிற மாதிரி, அவ்வளவு கிட்டத்தில்.

அங்கே இருப்பது ஒரே நாற்காலி. உட்கார்ந்தார். குஷன் சூடாக இருந்தது.

இப்போது யார் யார் வேலை செய்கிறார்கள் என்று மெஷினைக் கேட்டார். இரண்டு வரி வந்தது. இரண்டிலும் அவர் பெயர். இரண்டும் அதே நாற்காலி, அதே கீபோர்டு. அத்தான் விரலை எடுத்துவிட்டார். முதல் வரி சும்மா இருப்பதாகக் காட்டியது. இரண்டாவது...

"தட்டச்சு பண்ணிக்கிட்டே இருந்துச்சாம்," என்றான் தாடி.

அத்தான் நிர்வாகிக்கான பாஸ்வேர்டைப் போட்டார். தனக்கு ஒரு புது எண் கொடுத்தார். யாருமே வைத்திருக்காத எண். அந்த ஆளுடையது அந்த ஆளோடு ஒழியட்டும் என்று நினைத்தார். என்டர் தட்டினார். விசிறிகள் ஒரு கணம் நின்றன. மறுபடி சுற்றின. தைல நெடி, கழுவி விட்டாற்போல, சுத்தமாக இல்லை. முதுகுக்குப் பின்னால் கதவு 'டிக்' என்றது. திறந்தது. சாத்திக்கொண்டது.

தாடி நிறுத்தினான். மழை கொஞ்சம் குறைந்த மாதிரி இருந்தது. யாரும் எழுந்திருக்கவில்லை.

"முட்டாள்," என்றார் சார் மெதுவாக. "ஃபைலோட நம்பரை மாத்தியிருக்கணும். தன்னோட நம்பரைப் போய் மாத்தியிருக்கான். அப்போ பழைய நம்பர்ல இருந்ததெல்லாம் யாருது? கதவு, மெயில்..."

"அதைத்தான் சார் சொல்ல வரேன்."

இருட்டும் நேரத்துக்கு அத்தான் வீட்டுக்கு வந்தார். சிரித்துக்கொண்டே வந்தார். அவர்மேல் ஒரு வாசனையும் இல்லை. பாப்பா ஓடிப்போய்க் காலைக் கட்டிக்கொண்டது. அக்காவுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. தட்டு வைக்கச் சமையலறைக்குப் போனாள். போன் அடித்தது. காவலாளி.

"அம்மா, கொஞ்சம் சார்கிட்ட பேசுங்க. சர்வர் ரூமுக்குள்ள மாட்டிக்கிட்டாரு. கார்டு காட்டினா செவப்பு லைட்டுதான் எரியுதாம். என்னாலயும் தொறக்க முடியலை. கதவைப் போட்டு அடிக்கறாரு... பயமா இருக்கும்மா."

போனைக் கதவோடு ஒட்டிப் பிடித்தான் போலிருக்கிறது. உள்ளேயிருந்து அத்தான் குரல். அத்தானே. அழுகிற குரல். தாரில் ஒட்டின செருப்பிலிருந்து குஷன் சூடு வரை அத்தனையும் மூச்சு விடாமல் சொன்னார். "நம்பரை மாத்திட்டேன்டி... போயிடுச்சுன்னு நெனச்சேன்... இந்தக் கதவு என்னை யாருன்னே தெரியாதுங்குது. பாப்பா எங்கே? பாப்பாவை எடுத்துக்கிட்டு வெளிய போ. எங்கேயாவது போ..."

லைன் அறுந்தது. கூடத்தில் பாப்பா கலகலவென்று சிரித்தது.

"அப்புறம்?" என்று நான்தான் கேட்டேன்.

"அப்புறம் என்ன. திங்கட்கிழமை ரூமைத் தொறந்தாங்க. யாரும் இல்லை. ஒரு செருப்புத் தடம்கூட இல்லை. தொறந்தது யாரு தெரியுமா? அத்தான்தான். கார்டைக் காட்டினதும் பச்சை லைட்டு. காவலாளி அப்பவே வேலையை விட்டுட்டு ஓடிட்டான். இப்ப ஆபீஸ்ல அத்தானை எல்லாருக்கும் புடிக்குமாம். மொதலாளி தோள்ல கை போட்டுக்கிட்டுப் பேசறாராம்."

வங்கி அம்மா மூச்சு விட்டார். "காவலாளி குடிச்சுட்டு உளறியிருப்பான்ப்பா. அதுவும் உங்க அக்காவுக்கு இருந்த பயத்துல குரல் அப்படிக் கேட்டிருக்கும். மனுஷன் நல்லாத்தானே இருக்காரு? இதுக்குப் போயி..."

"அப்போ எங்க அக்கா ஏன் மேடம் அன்னிக்கே, செருப்புகூடப் போடாம, பாப்பாவைத் தூக்கிட்டு எங்க வீட்டுக்கு ஓடி வந்துச்சு?"

வங்கி அம்மா கைப்பையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டார்.

"அக்கா போனை வெச்சுட்டுக் கூடத்துக்கு வந்துச்சு. அத்தான் பாப்பாவை மடியில உட்கார வெச்சிருந்தாரு. தலையைத் தடவிக் குடுத்துக்கிட்டு இருந்தாரு. அவ்வளவு பாசமா. போன்ல யாருன்னு கேக்கலை. அக்காவை நிமிர்ந்து பார்த்துச் சிரிச்சாரு." தாடி எங்கள் ஒவ்வொருத்தர் பக்கமாகத் திரும்புவது இருட்டிலும் தெரிந்தது. "சிரிச்சுக்கிட்டே, மெதுவா, பாப்பாவுக்குக் கேக்காத மாதிரி கேட்டாராம்..."

"'இவ பேரு என்ன?'"