தொட்டிக்குப் பின்னால் ஒரு பை கரி

உப்புநீர் மீன்தொட்டியில் தண்ணீர் மஞ்சளாகிக்கொண்டு வருவது முன்னால் நின்று பார்த்தால் தெரியாது, மேடம். குறுகலான பக்கத்தில் குனிந்து, எதிர்ப்பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாளை வைத்து நீளவாக்கில் பார்க்க வேண்டும். அப்போது ஆறிப்போன தேநீரின் நிறம் தெரியும். தெரிந்தால் கரியை மாற்றிவிட வேண்டும்.

நீங்கள் கேட்டது இது இல்லை. போலீஸ்காரருக்கு மீன்தொட்டி எதற்கு என்று நினைப்பீர்கள். ஆனால் கரியைப் பற்றிச் சொல்லாமல் மற்றதைச் சொன்னால் உங்களுக்குப் புரியாது. உங்கள் ஆள் எழுதிக்கொள்ளட்டும். நான் மெதுவாகத்தான் பேசுவேன்.

ஷாம் ஷுய் போவில் எங்கள் வீட்டை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். சாப்பாட்டு மேசையில் பாதியைத் தொட்டி எடுத்துக்கொண்டது. சின்னத் தொட்டிதான். கொஞ்சம் மணல், ஒரு பாறை, இரண்டு கோமாளி மீன்கள். பின்புறத்தில் ஒரு தடுப்பு. அதற்குள் வலைப்பையில் கரி. தண்ணீர் அந்தப் பை வழியாகப் போய்த் திரும்பி வரும். மீனின் கழிவு, மீந்த தீனி, வாடை, நிறம் எல்லாவற்றையும் கரி பிடித்து வைத்துக்கொள்ளும். கடலுக்கு அது தேவையில்லை. சின்னத் தொட்டிக்குத் தேவை. தொட்டி என் தம்பி மன்லோக்குடையது. கரி என் வேலை. புதுக் கரியை அலச வேண்டும், கறுப்புத் தூள் முழுவதும் போய்த் தண்ணீர் தெளிவாக வரும்வரை. அவனுக்குக் கை நடுங்கும்.

பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே அவனுக்கு வலிப்பு வந்துவிட்டது. அம்மா இறந்த பிறகு நான்தான் பார்த்துக்கொண்டேன். என்னையும் ஒருவர் பெண் கேட்டார். தம்பியோடுதான் வருவேன் என்றேன். யோசித்துச் சொல்கிறேன் என்று போனார். இன்னும் யோசிக்கிறார் போலிருக்கிறது. அதில் எனக்கு வருத்தம் இல்லை. விழுவதற்குச் சற்று முன் தம்பியின் இடது கட்டைவிரல் உள்ளங்கைக்குள் மடங்கும். அது தெரிந்தவள் நான் ஒருத்திதான். அவனுக்கே தெரியாது.

பிறகு ஒரு புது டாக்டர் வந்தார். மாத்திரையை மாற்றினார். வலிப்பு நின்றுவிட்டது.

நல்லதுதானே என்பீர்கள். நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டேன். ஆனால் அவன் சாப்பிடும்போது, பேசும்போது, தொட்டி முன்னால் உட்கார்ந்திருக்கும்போது நான் அந்தக் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது மடங்கவில்லை. நாற்பத்தைந்து வயதில் அவனுக்கு வளர்ப்பு மீன்கடைத் தெருவில் ஒரு கடையில் வேலை கிடைத்தது. ஒருநாள் கரி வாங்க அந்தக் கடைக்கே போனேன். முதலாளி கோ பருத்த மனிதர். வாசலில் தொங்கிய மீன் பைகளுக்கு நடுவிலிருந்து தலையை நீட்டினார்.

"வாங்க, கரி மகாராணி. டேய் லோக், உங்க அக்கா கரி கழுவுற சுத்தத்துக்கு என் பொண்டாட்டி அரிசியக் கழுவினா நான் ஏன்டா வெளியில திங்கறேன்?"

"கழுவினாலும் நீங்க வெளியிலதான் திம்பீங்க மொதலாளி. உங்க வயிறு வீட்டுக்குள்ள கொள்ளாது," என்றான் தம்பி.

பக்கத்துக் கடைக்காரர்கள் எல்லாம் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவன் யாருக்கும் அப்படிப் பதில் சொல்லி நான் கேட்டதில்லை. வீடு திரும்பும் வழியெல்லாம் அந்தக் குரல் யாருடையது என்று யோசித்துக்கொண்டே வந்தேன்.

சௌஹா அந்தத் தெருமுனைத் தேநீர்க் கடையில் பரிமாறுகிறவள். கணவன் இல்லை. குரல் பெரியது. முதல்முறை வீட்டுக்கு வந்தபோது தொட்டியைப் பார்த்துவிட்டு, "சோறு திங்கற மேசையில பாதி இதுக்கா? வாடகை குடுக்குதா இந்த மீனு?" என்றாள். தம்பி விழுந்து விழுந்து சிரித்தான். சில மாதங்கள் கழித்து என்னிடம் சொன்னான்.

"அக்கா, நாங்க யூன் லோங் பக்கம் வீடு பாத்திருக்கோம். கொஞ்சம் பெருசு."

"நாங்கன்னா?"

"நானும் சௌஹாவும்." மேசை விளிம்பைத் தடவிக்கொண்டே பேசினான். "எத்தன வருஷம் எனக்காகவே ஓடினே. போதும்க்கா. இனிமேலாவது நீ உனக்காக இரு."

நான் மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தேன். அவன் அன்போடுதான் சொன்னான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. வேலையிலிருந்து நிறுத்துகிறவர்களும் சில சமயம் அன்போடுதான் சொல்கிறார்கள்.

அந்த வாரம் ஒரு மீனுக்குத் துடுப்பில் வெள்ளையாகப் பூஞ்சை பிடித்தது. நான் சந்தைக்குப் போயிருந்தபோது தம்பி நீல மருந்தை ஊற்றிவிட்டு வேலைக்குப் போய்விட்டான். வந்து பார்த்தால் தொட்டி முழுக்க மை கொட்டியதுபோல் நீலம். கரிப்பை சமையல் மேடையில் ஒரு கிண்ணத்தில் கிடந்தது. மறந்துவிட்டான் என்று நினைத்து அலசி உள்ளே வைத்தேன். மறுநாள் மாலைக்குள் தண்ணீர் பழையபடி தெளிந்துவிட்டது. அவன் வந்து பார்த்தான்.

"அக்கா, கரிய உள்ள போட்டியா?"

"நீ மறந்துட்டேன்னு நெனச்சேன்."

"ஐயோ அக்கா. மருந்து ஊத்தினா கரிய வெளிய எடுத்துடணும். இல்லேன்னா மீனுக்கு ஒரு சொட்டு விடாது, மொத்தத்தையும் அதுவே குடிச்சிடும்." அவன் கோபப்படவில்லை. கண்ணாடியில் விரலை வைத்துக் காட்டினான். "பாரு. மருந்து ஊத்தின அடையாளமாவது இருக்கா?"

இல்லை. நான் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த மீன் செத்துப்போனது. இன்னொன்று தனியாக நீந்தியது.

எங்கள் வீட்டில் சாப்பாட்டுக்குப் பின் கறுப்பு எள்ளுக் கூழ் உண்டு. எள்ளை வறுத்து, அரைத்து, சர்க்கரை போட்டுக் காய்ச்சுவேன். தம்பி மாத்திரையை விழுங்கியதும் கசப்புப் போக அதைக் குடிப்பான். சிறு வயதுப் பழக்கம்.

நான் மாத்திரையைத் தொடவில்லை, மேடம். உங்கள் ஆட்களே அவற்றைப் பார்த்துச் சரியாக இருப்பதாகச் சொன்னார்கள். விஷம் எதுவும் வாங்கவில்லை. கரி விஷம் இல்லை. விஷம் குடித்தவர்களுக்கு ஆஸ்பத்திரியில் கரியைத்தான் கரைத்துக் கொடுக்கிறார்கள். எள்ளோடு சேர்த்து அரைத்தேன். அதற்கு முன் நன்றாக அலசிக் காயவைத்தேன். தம்பி சாப்பிடுவது, அலசாமல் போட எனக்கு மனம் வரவில்லை.

"பல்லுல நறநறங்குதேக்கா. எள்ளுல மண்ணா?"

"கொஞ்சம் கருகிடுச்சு. குடி."

"கருகினா என்ன, உன் கூழ் உன் கூழ்தான்," என்று கிண்ணத்தை வழித்துக் குடித்தான்.

ஒரே ஒரு தடவை அவன் விழுந்தால் போதும் என்று நினைத்தேன். அதை சௌஹா பார்க்க வேண்டும். பார்த்தவர்கள் நின்றதில்லை. அப்பாவே நிற்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மூவரும் தேநீர் விடுதியில் காலைச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்திருந்தோம். அவன் கட்டைவிரல் மடங்கியது. நான் பேசாமல் இருந்தேன். நாற்காலியோடு சாய்ந்தான். சுற்றியிருந்தவர்கள் எழுந்து விலகினார்கள். சௌஹா தன் மேல்கோட்டை உருட்டி அவன் தலைக்குக் கீழே வைத்தாள், ஒருக்களித்துப் படுக்கவைத்தாள், கூட்டத்தைப் பார்த்து, "என்ன வேடிக்க? உங்க எறால் கொழுக்கட்ட ஆறுது, போய்த் தின்னுங்க," என்றாள். அவன் கண் திறக்கும்வரை தரையிலேயே உட்கார்ந்திருந்தாள். திறந்ததும், "யோவ், கல்யாணத்துக்கு நான் எப்பவோ சரின்னு சொல்லியாச்சு. திரும்பத் திரும்பக் கால்ல விழணுமா?" என்றாள். உதட்டில் ரத்தத்தோடு அவன் சிரித்தான்.

எனக்கு அவளைப் பிடித்துப்போனது அப்போதுதான். அதனால்தான் நிறுத்த முடியவில்லை. பயந்து ஓடுகிறவளாக இருந்தால் ஒரு தடவையோடு முடிந்திருக்கும்.

வலிப்பு அடிக்கடி வர ஆரம்பித்தது. கோ கொஞ்ச நாள் ஓய்வெடு என்று அவனை அனுப்பிவிட்டார். டாக்டர் ரத்தம் எடுத்துப் பார்த்தார்.

"மாத்திரை ஒழுங்கா சாப்பிடறீங்களா?"

"சாப்பிடறேன் டாக்டர்."

"ரத்தத்துல மருந்தே இல்லையே, மிஸ்டர் ஃபான்."

தம்பி என்னைப் பார்த்தான். சிறு வயதில் ஆசிரியர் திட்டும்போதும் அப்படித்தான் என்னைப் பார்ப்பான்.

"சில நாள் மறந்துடுவான் டாக்டர்," என்றேன்.

பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தான். "நான் மறக்கறேனாக்கா?"

"சில நாள்."

"எனக்கு ஞாபகமே இல்லையே."

"அதத்தான்டா மறதின்னு சொல்றது."

அதற்குப் பிறகு இறங்கும் நிறுத்தம்வரை அவன் பேசவில்லை. நானும் பேசவில்லை. என் வாழ்க்கையில் எத்தனையோ பேசாத பொழுதுகள் உண்டு. அதில் இது ஒன்றைத்தான் இப்போதும் கேட்கிறேன். மறுநாள் அவன் சௌஹாவிடம் யூன் லோங் வீடு வேண்டாம் என்று சொல்லிவிட்டான். தன் தலையைத் தானே நம்ப முடியாதவன் இன்னொருத்தியின் வாழ்க்கையைக் கெடுக்கக்கூடாது என்றானாம்.

அப்போதே நிறுத்தியிருக்கலாமே என்று கேட்கப்போகிறீர்கள். நினைத்தது நடந்துவிட்டதே. யோசித்துப் பாருங்கள், மேடம். நிறுத்தினால் அவன் குணமாகிவிடுவான்.

சௌஹா விடவில்லை. வேலை முடிந்ததும் வந்து அவன் மாத்திரை விழுங்குவதைப் பக்கத்தில் நின்று பார்த்தாள். "வாயத் தொற. நாக்கத் தூக்கு. ம், முழுங்கிட்டான். அக்கா, என் கண்ணு முன்னாடிதான் முழுங்கறான். அப்புறம் எங்கதான் போகுது மருந்து?" என்று என்னையே கேட்டாள். நான் அவளுக்கும் ஒரு கிண்ணம் கூழ் கொடுத்தேன். வேறு பாத்திரத்தில் காய்ச்சியது. குடித்துவிட்டு, "கடையில கூட இப்படி வராதுக்கா," என்றாள்.

கடைசி நாள் அவள் வர நேரமாகும் என்று சொல்லியிருந்தாள். தம்பி சாப்பிட்டு, மாத்திரை விழுங்கி, கூழ் குடித்துவிட்டுக் குளிக்கப் போனான். தொட்டித் தண்ணீர் மஞ்சளாகியிருந்தது. சமையல் குழாயடியில் நான் புதுக் கரியை அலச ஆரம்பித்தேன். குளியலறையில் வாளி உருளும் சத்தம் கேட்டது. பிறகு குதிகால் தரையில் அடிக்கும் சத்தம். அந்தச் சத்தம் எனக்குப் பழக்கம். நடுவில் போய் ஒன்றும் செய்வதற்கில்லை. அது முடிந்த பிறகுதான் நான் தேவைப்படுவேன். துடைக்க வேண்டும், உடுத்திவிட வேண்டும், நீ யார் என்று அவனுக்குச் சொல்ல வேண்டும். அதற்காகக் காத்திருந்தேன்.

வழக்கத்தைவிட நீண்டது. அது எனக்குத் தெரிந்தது. ஆம்புலன்ஸைக் கூப்பிட வேண்டும் என்பதும் தெரிந்தது. போன் என் சட்டைப் பையில்தான் இருந்தது. குளியலறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது. அவன் உள்ளே விழுந்தால் திறக்க வேண்டுமே என்று பல வருஷங்களுக்கு முன்னால் நானே கழற்றிப் போட்டேன். உள்ளே போனால் அவனைக் காப்பாற்றுவார்கள். காப்பாற்றினால் ஆஸ்பத்திரியில் வைத்துக்கொள்வார்கள். அங்கே மாத்திரையும் அவர்கள் கொடுப்பார்கள், சாப்பாடும் அவர்கள் கொடுப்பார்கள். சில நாளில் எழுந்து உட்கார்ந்துவிடுவான். முதலாளியைக் கிண்டல் செய்வான்.

கரியை அலசி முடித்தேன். அதற்குள் சத்தமும் நின்றிருந்தது.

அவன் வயிற்றில் இருந்த கறுப்பு என்ன என்று கேட்டீர்கள். எள்தான் என்று முதலில் சொன்னேன். எள்ளும்தான். அவன் குடித்த கிண்ணத்தைக் கழுவவிடாமல் எடுத்து வந்து உங்களிடம் கொடுத்தவள் சௌஹா என்றீர்கள். கெட்டிக்காரி. நான்தான் கொன்றேன் என்று எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். அந்தச் சொல்லில் எனக்கு மறுப்பு இல்லை. எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ போடுகிறேன்.

ஒரே ஒரு விஷயம். உடலை நீங்கள் இன்னும் கொடுக்கவில்லை. கொடுத்ததும் எரிப்பார்கள். காலையில் வெளியே நடைபாதையில் சௌஹா என் முன்னால் வந்து நின்றாள். "சாம்பலக் கடல்ல கரைக்கச் சொல்லிருக்கான். நான் கரைக்கத்தான் போறேன். முடிஞ்சா தடுத்துப் பாரு," என்றாள். முதல்முறையாக என்னை மரியாதை இல்லாமல் பேசினாள்.

நீங்கள் அவளிடம் பேச வேண்டும், மேடம். இரண்டு பேர் அஸ்தி வைக்கிற மாடம் ஒன்றை நான் ஏற்கெனவே கேட்டு வைத்திருக்கிறேன். சின்னதுதான், ஆனால் மூடி இறுக்கமானது, மழை இறங்காது. அவளுக்கு இதெல்லாம் புரியவில்லை. கடல் எவ்வளவு பெரியது. அங்கே அவனை யார் பார்த்துக்கொள்வார்கள்?