தீவாளிச் சுட்டி

— அந்தத் தோல்பையில ரிப்பன் கோணலா இருக்கு வே தளவாய். சேட்டுக்குப் போறது. அவுத்துக் கட்டும்.

— கட்டுதேன் பாய். காஜு கத்லி டப்பாவ உள்ள வச்சுக் கட்டணுமா, மேல வைக்கணுமா?

— உள்ள. வருசா வருசம் நீருதான வைக்கீரு. இன்னைக்கு என்ன புதுசாக் கேக்கீரு?

— மறந்து போச்சு போலுக்கு. சேட்டு மனசு குளுந்தாத்தான நம்ம பை தைக்க கார்கானாவுல அடுப்பெரியும். அவருக்குன்னு நல்ல தோலாப் பாத்து வெட்டினேன், கேட்டியளா. ஒரு தழும்பு கெடையாது.

— பாத்தேன். சேட்டு போன் பண்ணுனாரு. வர்ற வருசத்துக்கு ஆளு ஏற்பாடு எப்பிடின்னு கேட்டாரு.

— என்ன சொன்னிய?

— நான் என்னத்தச் சொல்ல? தோல் வெட்டுத மிஷின் வாங்கச் சொல்லுதாரு. வாங்குனாத்தான் ஆர்டராம். கம்ப்யூட்டர்ல ஓட்டணும். அது மாரீஸ்வரனுக்குத் தெரியும். தைக்க முத்துமாரி இருக்கா. அது போதும்ங்காரு.

— மாரீஸ்வரன் சூட்டிகையான பய. பொழச்சுக்கிடுவான்.

— தளவாய், வெள்ளிக்கெழம தொழுதுட்டு வந்து உம்மகிட்ட ஒண்ணு சொன்னேனே…

— தீவாளி முடிஞ்சதும் எனக்குச் சுட்டின்னிய. லீவு கெடச்சா விடுவனா, அன்னைக்கே ஓடிப்போயி டிக்கெட் எடுத்துட்டம்லா. நாகர்கோயில் வண்டி.

— எடுத்தாச்சா?

— எடுத்தாச்சு. ஊருல எம் பொண்டாட்டி கோமதிக்குக் கண்ணு ரெண்டும் மங்கிட்டே வருது பாய். இங்க கூட்டியாந்து பெரியாஸ்பத்திரில காட்டுனா சரியாப் போவும்ங்காவ. மேல பலகைத் தட்டுல நான் படுக்க எடத்துலயே அவளும் முடங்கிக்கிடுவா. ஒங்களுக்கு ஒண்ணும் செரமம் இல்லைலா?

— அந்தத் தட்டக் கழட்டுனாத்தான் வே மிஷின் நிக்கும்.

— அப்பம் நாங்க எங்க படுக்க?

— அதப் பொறவு பாத்துக்கிடலாம். மொதல்ல ஊருக்குப் போயி அவளப் பாரும்.

— அடுத்த சந்துல ரஹ்மத்துல்லா பாய் இருக்காருல்லா, அவரு பாதிப் பேருக்குச் சுட்டி பண்ணிட்டாராம். ஆளுக்கொரு ஸ்வீட் டப்பாவக் கையில குடுத்து, இனிம வராதியன்னுட்டாராம்.

— ஈவு எரக்கம் இல்லாத மனுசன் அவன்.

— ஒவ்வொருத்தன் மொகத்தையும் நேராப் பாத்துச் சொன்னாராம் பாய். அதுக்கும் ஒரு நெஞ்சு வேணும்லா.

— தளவாய்…

— சொல்லுங்க.

— ஒண்ணுமில்ல வே. டீ சொல்லட்டா?

— வேண்டாம். இன்னும் ஒரு பை மிச்சம் கெடக்கே. ஆர்டர் குடுக்க எந்தப் பார்ட்டிக்கு?

— பார்ட்டிக்கு இல்ல. உமக்கு. சேட்டுக்குக் குடுக்க அதே பை, அதே ஸ்வீட்டு. கோமதியம்மாகிட்ட நான் குடுத்தேன்னு சொல்லும்.

— கார்கானா தொறந்த நாள்லேருந்து எனக்கு வேட்டி துண்டுதான குடுப்பிய. இந்த வருசம் நானும் வெளிப் பார்ட்டியாயிட்டேன். சரி, ரிப்பன நானே கட்டிக்கிடுதேன்.

— குடும், நான் கட்டுதேன்.

— இருக்கட்டும்.

— ரிட்டன் டிக்கெட் என்னைக்குப் போட்டிருக்கீரு?

— ரிட்டன் போடல பாய். சுட்டின்னு சொல்லையில நீங்க தரையப் பாத்துச் சொன்னிய. லீவு குடுக்க மொதலாளி எதுக்குத் தரையப் பாக்கணும்?