பிரேக்கைத் தொடாதவர்

தங்கை: அண்ணா, சத்தியமா சொல்லு. இந்தக் காரை நீ மட்டும்தான் ஓட்டுறியா?

அண்ணன்: பின்னே? உங்க அண்ணியா ஓட்டுவா?

அண்ணி: என்னை எதுக்குங்க இழுக்குறீங்க?

அண்ணன்: ஒரு பேச்சுக்குச் சொன்னேன். அதுக்கு ஏன் முகம் இப்படி வெளுக்குது?

அண்ணி: உங்க தங்கச்சி ஒர்க் ஷாப்புல லைட்டு அப்படி.

தங்கை: ரெண்டு பேரும் இங்க குனிஞ்சு பாருங்க. முன் சக்கரத்தைக் கழட்டிட்டேன். பிரேக் டிஸ்க், இந்த வட்டத் தகடு, எப்படி மின்னுது பாரு.

அண்ணன்: மின்னாதா! பிரேக்கை நான் பூ மாதிரித் தொடுவேன். ஒவ்வொரு தடவை வண்டி நிக்கும்போதும் ஸ்கிரீன்ல மார்க் வரும். நூத்துக்கு நூறு! போட்டோ எடுத்து வெச்சிருக்கேன், பாக்குறியா?

தங்கை: அதான் இடிக்குது...

அண்ணன்: எது?

தங்கை: இது பெட்ரோல்லயும் கரண்ட்லயும் ஓடுற ஹைபிரிட். நீ பூ மாதிரித் தொட்டா மோட்டாரே வண்டியை இழுத்துப் புடிச்சு நிறுத்திடும். அந்த வேகத்தைக் கரண்டாக்கி பேட்டரியில போட்டுக்கும். நிஜ பிரேக்குக்கு வேலையே இருக்காது.

அண்ணன்: வேலை இல்லன்னா தேயாது. லாபம்தானே?

தங்கை: தேயாது, துருப்புடிக்கும். உன்னை மாதிரி நூறு மார்க் வாங்குறவன் வண்டியில டிஸ்க் தோட்டத்துல மறந்து போட்ட மண்வெட்டி மாதிரி இருக்கணும். போன வருஷம் அப்படித்தானே இருந்துச்சு? நான்தானே தேச்சு எடுத்தேன்?

அண்ணன்: ஏதோ ஞாபகம்...

தங்கை: வாரத்துல ஒருநாள், ஆளில்லாத ரோட்டுல, பின்னாடி வண்டி வரலன்னு பாத்து நாலு தடவை நல்லா அழுத்திப் புடின்னு சொன்னேன். புடிச்சியா?

அண்ணன்: மார்க் போயிடுமே!

அண்ணி: இந்த வயசுல மார்க்கு!

தங்கை: கழுவினா ஈரத்தோட மூடி வைக்காதே, ஒரு சுத்து ஓட்டி பிரேக் போட்டுக் காய வைன்னு சொன்னேன். அதுவாவது...

அண்ணன்: கழுவின வண்டியை மறுபடி அழுக்காக்கவா?

தங்கை: ஆக, நீ எதுவுமே செய்யல. ஆனா டிஸ்க்குல ஒரு பொட்டு துரு இல்ல. யாரோ இந்த வண்டியை மாசக்கணக்கா நறுக் நறுக்குன்னு புடிச்சு நிறுத்தியிருக்காங்க.

அண்ணி: நீ வேற! தெய்வமேன்னு துரு இல்ல, அதோட விடு.

அண்ணன்: விடுறதா? என் வண்டியில வேற ஆளா? திருடனா?

அண்ணி: திருடன் கொண்டுபோன வண்டியைத் திருப்பிக் கொண்டு வந்தா விடுவான்?

அண்ணன்: நல்ல குடும்பத்துத் திருடனா இருக்கும்.

தங்கை: சிரிக்காதே. பின் சக்கரத்தைப் பாரு. டிஸ்க்கை அழுத்திப் புடிக்கிற பிரேக் பேட் பாதிக்கு மேல காலி. கிரீச்சுன்னு சத்தம் வருதுன்னியே, அது இதுதான். யாரோ ஹேண்ட் பிரேக்கை இறக்காமலே ஓட்டியிருக்காங்க.

அண்ணன்: இறக்கலன்னா வண்டி பீப் பீப்னு கத்துமே?

அண்ணி: அது சீட் பெல்ட்டுக்குக் கத்துற சத்தம் இல்லையா?

தங்கை: அண்ணி!

அண்ணி: அதாவது... அந்தத் திருடன் அப்படி நெனச்சிருப்பான்ல? பாவம்.

அண்ணன்: பாவம்தான். இரு, ஷிப்ட் சூப்பர்வைசர் கூப்புடுறார். வெளியில நின்னு பேசிட்டு வரேன்.

அண்ணி: போயிட்டாரா?

தங்கை: வாசல்ல நிக்குறார். மெதுவா பேசுங்க. ஏன் அண்ணி, நான் பக்கத்துல உக்காந்து சொல்லிக் குடுக்கும்போது ஹேண்ட் பிரேக்கை ஒழுங்கா இறக்குறீங்களே!

அண்ணி: நீ வராத அன்னிக்கு நம்ம தெரு முனை வரைக்கும் ரெண்டு, மூணு தடவை...

தங்கை: ரெண்டு மூணு தடவையா?

அண்ணி: சரி, இருபது. திட்டாதே. நாளைக்குக் காலையில ஒன்பது மணிக்கு லைசென்ஸ் டெஸ்ட்டு. இந்தப் பேடோட போனா என்ன ஆகும்?

தங்கை: நான் சம்மதிக்கவே மாட்டேன். இன்னிக்கே புதுசு மாட்டணும். பேடைத் தாங்குற பின்னுங்களை எல்லாம் கழட்டி கிரீஸ் வெச்சுட்டேன். அண்ணன் சரின்னா ஒரு மணி நேர வேலை.

அண்ணி: அடுத்த மாசம் பாக்கலாம்னு சொல்லிட்டா?

தங்கை: பேசாம உண்மையைச் சொல்லிடுங்களேன். நீங்களே சொல்லுவீங்கன்னுதான் அத்தனை கேள்வி கேட்டேன்.

அண்ணி: ஐயோ! எட்டு வருஷம் முன்னாடி பழைய வண்டியில ஒரே ஒரு நாள் சொல்லிக் குடுத்தார். கிளட்ச் கிளட்ச்னு அவர் போட்ட சத்தத்துல நடு ரோட்டுல இறங்கி வீட்டுக்கு நடந்தே வந்தேன். இனிமே உங்க முன்னாடி ஸ்டியரிங்கைத் தொட மாட்டேன்னு சொன்ன வாய் இது. லைசென்ஸை மூஞ்சிக்கு நேரா நீட்டிட்டுத்தான் பேசணும்.

தங்கை: வரார், வரார்...

அண்ணன்: என்ன, ரெண்டு பேரும் குசுகுசுன்னு?

தங்கை: பேட் மாத்தணும்னு சொல்லிட்டு இருந்தேன்.

அண்ணன்: அதுக்கு முன்னாடி போலீஸ்ல ஒரு புகார் குடுத்துடலாம்.

அண்ணி: போலீஸா!

அண்ணன்: அடையாளம் எல்லாம் இருக்கு. ஆள் குள்ளம். சீட்டு தினமும் ஒரு சாண் முன்னாடி வந்து நிக்குது. கண்ணாடி கீழ பாக்குது. சீட்டுல ஒட்டியிருக்குற தலைமுடி நீளம்.

அண்ணி: என்னங்க...

அண்ணன்: மார்க் ரொம்ப மோசம். ஆரம்பத்துல எட்டு, ஒன்பது. போன வாரம் நாப்பத்திரெண்டு! நல்ல முன்னேற்றம்.

தங்கை: அண்ணா... உனக்குத் தெரியுமா?

அண்ணி: நான்தாங்க. நான்தான் எடுத்தேன். காலை ஷிப்ட் முடிஞ்சு வந்து நீங்க மதியம் தூங்குற நேரமாப் பாத்து... போதுமா? இப்பக் கத்துங்க.

அண்ணன்: கத்தக் கூடாதுன்னுதான் இங்க கூட்டிட்டு வந்தேன். நாளைக்கு ஹேண்ட் பிரேக்கோட கிளம்பினா முதல் அடியிலயே பெயில் பண்ணிடுவாங்க. நான் சொன்னா வண்டியை விட்டு இறங்கிடுவே. இவ சொன்னா கேப்பேல்ல?

அண்ணி: நாளைக்கு டெஸ்ட்டுன்னு யார் சொன்னா?

அண்ணன்: புடவை மடிப்புல டெஸ்ட் ஸ்லிப்பை ஒளிச்சா? நம்ம வீட்டுல துணி மடிக்கிறது யாரு?

தங்கை: அடப்பாவி! அவ்வளவும் தெரிஞ்சுக்கிட்டேதான் திருடன், போலீஸ்னு ஆடினியா?

அண்ணன்: நீ மட்டும் சத்தியம் கேட்டியே, ஒண்ணும் தெரியாதவ மாதிரி! பேடை மாத்து, ஒன்பது மணிக்கு வண்டி வேணும்.

அண்ணி: நிஜமாவே கோவம் இல்லையா?

அண்ணன்: இல்ல.

அண்ணி: தெரிஞ்சுமா தினமும் நிம்மதியாத் தூங்கினீங்க?

அண்ணன்: யாருடி தூங்கினா? ஆறு மாசமா நீ சாவியை எடுக்குற வரைக்கும் குறட்டை, போனதும் ஜன்னல்ல நின்னு தெருவையே பாக்குறது, வண்டி திரும்புற சத்தம் கேட்டதும் ஓடிப் போய் மறுபடியும் குறட்டை... தொண்டையே கட்டிப் போச்சு. நாளைக்கு எப்படியாவது பாஸ் பண்ணிடும்மா, நான் கொஞ்சம் தூங்கணும்.