வெஜிமைட் பாட்டிலில் உப்பு

— இரஞ்சிதம், இந்த ஹால் சமையல்கட்டு ஜன்னல் மேல ஒரு வெஜிமைட் பாட்டில் வச்சிருந்தேனே, எங்கே?

— கழுவிக் கவிட்டு வச்சிருக்கிறன், நரசிம்மன் அண்ணை. அங்கை, சிங்குக்குப் பக்கத்தில.

— கழுவியா? அப்போ உள்ளே இருந்தது?

— தயிர்ச்சோத்துக்குள்ள போயிட்டுது.

— முழுசுமா?

— முழுக்கத்தான். நூறு பேருக்குச் சோறெண்டா சும்மாவே?

— ஐயையோ! அது கடை உப்பு இல்லம்மா. கடல்ல தண்ணி மொண்டு நானே காய்ச்சின உப்பு. காந்தி படத்துக்கு முன்னாடி வைக்கணும். மேயர் பேசி முடிச்சதும் ஒவ்வொருத்தர் உள்ளங்கையிலயும் ஒரு சிட்டிகை வைக்கணும். விழாவை நடத்துற சேஷாத்ரி நிகழ்ச்சி நிரல்லயே அச்சடிச்சுட்டார்!

— மேயர் பிந்தி வாறார் எண்டு சாப்பாட்டை முன்னுக்கு இழுத்ததும் உங்கட சேஷாத்ரி அண்ணைதான். இப்ப எல்லாற்றை வயித்துக்குள்ளயும் உங்கட கடல் போயிட்டுது. உள்ளங்கையில குடுத்தா என்ன, சோத்தில குடுத்தா என்ன?

— நீ லேசா சொல்லிடுறே. ரொட்டியில பூசுற கறுப்புச் சமாசாரம் இருந்த பாட்டில்ல வச்சது என் புத்திகெட்டத்தனம். ஒரு சீட்டாவது ஒட்டியிருக்கணும். உனக்கு அந்த உப்போட அருமை தெரியலை. எப்படின்னா, கடல் தண்ணியைச் சும்மா வத்த விட்டா உப்பு வந்துடும்னு நினைக்கிறாங்க. வராது. முதல்ல சுண்ணாம்பு மாதிரி ஒரு மாவு படியும். அதைத் துணியில வடிகட்டணும். அப்புறம்தான் மேல ஆடை கட்டின மாதிரி உப்பு பூக்கும்.

— ஓம், ஓம். கேக்கிறன். நீங்கள் கதையுங்கோ, நான் பாத்திரத்தைத் தேய்க்கிறன்.

— இனிமேதான் சூட்சுமமே இருக்கு. கடைசித் தண்ணியை மட்டும் வத்த விடவே கூடாது. கடல்ல இருக்கிற கசப்பெல்லாம் அதுலதான் தங்கும். அடுப்புல மறந்து விட்டுட்டா அவ்வளவு உப்பும் கசந்துபோகும். சரியான நேரத்துல சாய்ச்சுக் கொட்டிடணும். அந்த நேரம் எதுன்னு தெரிஞ்சுக்கறதுதான் வித்தை.

— சோறு கசக்குதெண்டு ஒருத்தரும் சொல்லேல்லை, அண்ணை. பிளாக்டவுன் சனம் எல்லாம் சட்டியை வழிச்செல்லோ திண்டவை.

— எப்படிக் கசக்கும்? அதுக்கு நான் பட்ட பாடு! ஹெலன்ஸ்பர்க் தாண்டி கீழே கடற்கரைக்கு இறங்கி, கல்லைக் கூட்டி அடுப்பு மூட்டினேன். பாதி வத்தலை, ஒரு இன்ஸ்பெக்டர் வந்து நிக்கிறார்.

— ஏசினவரோ?

— ஏசலை. 'இங்கே நெருப்பு மூட்டக் கூடாது, அணைச்சுட்டுக் கிளம்பு'ன்னார். 'சார், சட்டம் உங்களோடது, நான் மீறினது வாஸ்தவம். ஆனா பாதியில எழுந்தா இது உப்பாகாது. நான் ஓட மாட்டேன், அபராதம் எழுதிக்கோங்க'ன்னேன். பேர் கேட்டார். எழுத்து எழுத்தா சொன்னேன். நரசிம்மன்னு எழுதி முடிக்கறதுக்குள்ள அவருக்கே அலுத்துப்போச்சு.

— ஹா! பிறகு?

— 'எதுக்கு இந்த உப்பு?'ன்னார். 'திங்கட்கிழமை லேபர் டே லீவு, சர்ச் ஹால்ல காந்தி ஜெயந்தி'ன்னு சொன்னேன். தண்டி யாத்திரை கதையை அடியிலேருந்து ஆரம்பிச்சேன். மனுஷன் மணல்லயே உட்கார்ந்துட்டார். கடைசியில குனிஞ்சு விறகு தள்ளினதே அவர்தான்.

— ஐயா எங்கை நிண்டவர் அப்ப?

— அப்பாவா? கார்ல. கண்ணாடியை இறக்கி விட்டுட்டு எல்லாத்தையும் பார்த்துக்கிட்டே இருந்தார். வீடு வந்து சேர்ற வரைக்கும் வாயே திறக்கலை.

— உண்மையைச் சொல்லுங்கோ அண்ணை. அந்த உப்பு காந்திக்கோ, மேயருக்கோ, ஐயாவுக்கோ?

— ...அப்பாவுக்குத்தான்.

— அவர் உப்பில்லாமச் சாப்பிடுறார் எண்டு உங்கட மனிசி பத்மா சொன்னவ. நான் பிரஷர் எண்டெல்லோ நினைச்சனான். நர்ஸ் வேலை பார்த்துப் பார்த்து வாற புத்தி.

— பிரஷரும் இல்லை, ஒண்ணும் இல்லை. அது விரதம். முப்பதாம் வருஷம் வேதாரண்யத்துல உப்பு அள்ளி, போலீஸ்கிட்ட அடிபட்டு, ஜெயிலுக்குப் போனவர் அவர். இங்கே வந்த மறுநாளே எங்க வீட்டுக் கூடத்துல மாட்டியிருக்கிற போட்டோவைப் பார்த்துட்டார். நான் இந்த நாட்டுப் பிரஜை ஆனபோது எடுத்தது. நான் கையைத் தூக்கி நிக்கிறேன், பின்னால சுவத்துல எலிசபெத் ராணி சிரிச்சுக்கிட்டு இருக்கா.

— ஐயோ கடவுளே.

— 'யாருக்குடா சத்தியம் பண்றே?'ன்னார். 'ராணிக்குத்தாம்பா, இங்கேயும் அவதான் ராணி, எல்லாரும் அப்படித்தான்'னேன். திட்டியிருந்தா நானும் ரெண்டு வார்த்தை பேசியிருப்பேன். சாயங்காலம் பத்மாகிட்ட, 'இந்த வீட்டுல இருக்கிற வரைக்கும் எனக்கு உப்பில்லாம வைம்மா'ன்னார். அவ்வளவுதான். அடுத்த வாரம் ஊருக்குக் கிளம்பறார். என் வீட்டு உப்பு நாக்குல படாமலே போயிடுவாரோன்னுதான் கடலுக்கே போனேன். யார் கடையிலயும் வாங்காத உப்பு. அதையாவது தொடுவாரோன்னு.

— என்னெண்டு குடுக்க இருந்தனீங்கள்?

— முதல் சிட்டிகையை மேடையில கூப்பிட்டு அவர் கையிலதான் வைக்கறதா இருந்தேன். அத்தனை பேர் பார்க்கறப்போ வேண்டாம்னு சொல்ல முடியாது பாரு.

— அது பிழை, அண்ணை.

— என்ன பிழை?

— அறுபத்தொண்டில நானும் யாழ்ப்பாணக் கச்சேரி எண்ட அரசாங்க அலுவலக வாசலில சத்தியாக்கிரகம் எண்டு குந்தினனான். ஒருத்தரை நாலு பேருக்கு முன்னால மூலைக்குள்ள தள்ளி 'ஓம்' சொல்ல வைக்கிறதுக்கு அங்கை எங்களுக்கு ஒருத்தரும் பழக்கேல்லை. உங்கட ஐயாவுக்கு அது தெரியாதே?

— நீ சொல்றதும் சரிதான். எனக்கு ஏன் அது தோணலை? சரி, உப்புதான் போச்சே. அப்பா சாப்பாட்டையாவது கொண்டுபோய்க் குடுக்கறேன். பத்மா தனியா ஒரு தூக்குல... இதோ இருக்கு. என்ன இது, கனக்குதே? மூடியே திறக்கலையே! அப்பா சாப்பிடலையா?

— சாப்பிட்டவர். ரெண்டாந்தரமும் வாங்கினவர்.

— எதுலேருந்து?

— பெரிய சட்டிக்குள்ள இருந்துதான்.

— இரஞ்சிதம்! அதுலதானே அந்த உப்பு? தெரியாம விரதத்தை முறிக்க வச்சுட்டோமே! ஏமாத்தினதாயிடுச்சே! நான் உடனே போய்ச் சொல்லணும்.

— நில்லுங்கோ. அவசரப்படாதேங்கோ.

— காந்தி பிறந்தநாள் அதுவுமா அப்பாகிட்ட மறைக்கச் சொல்றியா?

— நான் ஒண்டையும் மறைக்கச் சொல்லேல்லை. இது நான் சொல்லுற விசயமில்லை எண்டுதான் நிக்கச் சொல்லுறன். அந்தா, ஐயாவே வாறார். அவரிட்டயே கேளுங்கோ.

— என்னடா நரசிம்மா, மேடை வரைக்கும் உன் குரல்தான் கேக்குது.

— அப்பா, ஒரு தப்பு நடந்துபோச்சு. கோவப்படாதீங்க. இரஞ்சிதம் தெரியாம அந்த உப்பை...

— அந்தப் பொண்ணு மேல ஏன் பாயறே? நான்தான் கொட்டினேன்.

— நீங்களா?

— சட்டியில உப்புப் போட அது கை நீட்டினப்போ பக்கத்துலதான் நின்னேன். 'இந்தப் பாட்டில்ல இருக்கே'ன்னு எடுத்தேன். 'ஐயா, அது மேடைக்கு'ன்னு என் கையைப் பிடிச்சுது. நாங்க உப்பு அள்ளினது பாட்டில்ல வச்சுப் படம் காட்டறதுக்கா? ஏழை கஞ்சியில போட்டுக் குடிக்கறதுக்குத்தானே.

— சாப்பாடு முடியுமட்டும் சொல்லாதே எண்டு ஐயாதான் கேட்டவர், அண்ணை.

— அப்போ விரதம், அப்பா?

— அது அந்தக் கடற்கரையோட முடிஞ்சுபோச்சு. 'ஓட மாட்டேன், எழுதிக்கோங்க'ன்னு நீ உட்கார்ந்தியே, அப்போ.

— அன்னிக்கே சொல்லியிருக்கலாமேப்பா!

— சொல்லியிருந்தா வீடு வர்ற வரைக்கும் உப்பு எப்படி உண்டாகுதுன்னு விளக்கியிருப்பே.

— ஐயா, அந்த விளக்கம் எல்லாம் எனக்கு இப்பதான் முடிஞ்சது.

— கசந்துதாப்பா? உண்மையைச் சொல்லுங்க.

— நாங்க வேதாரண்யத்துல அள்ளினதுல மண்ணும் இருந்தது, கசப்பும் இருந்தது. உனக்குக் கசப்பை வடிக்கத் தெரிஞ்சிருக்கு. அந்த ராணி படம் உன் கூடத்துலயே இருக்கட்டும், போ.

— மேயர் வந்திட்டார் போல, வாசலில சத்தம் கேக்குது. அவருக்குத் தயிர்ச்சோறு எடுத்து வச்சிருக்கிறன். அண்ணை, சேஷாத்ரி அண்ணையிட்ட நிரலை மாத்தச் சொல்லுங்கோ.

— அதுக்கு முன்னாடி, அடுத்த வாரத்து என் பிளேன் டிக்கெட்டைத் தள்ளிப்போடு. நரசிம்மா, மறுபடி கடலுக்குப் போவோம், இந்தத் தடவை பெரிய அண்டாவா எடுத்துக்கோ. அந்த இன்ஸ்பெக்டர் வந்தா, அபராதச் சீட்டுல முதல் பேரா என் பேரை, வெங்கட்ராமன்னு எழுதச் சொல்லு.