ஓர வரிசையில் பிடுங்கிய புல்

மரபணுச் சோதனைக் கூடத்திலிருந்து இன்று காலை வந்த அறிக்கையை விசாரணை அதிகாரி எனக்குப் படித்துக் காட்டினார். என் தங்கை கணவரின் நாற்றுப்பண்ணையில் எடுத்த புல்லும் எங்கள் ஆராய்ச்சிப் பண்ணையின் எழுபத்திரண்டாம் எண் புல்லும் ஒன்றே என்று அதில் இருக்கிறது. அது பற்றி நான் சொல்வது:

பெயரும் முகவரியும் தனித்தாளில் கொடுத்திருக்கிறேன். வயது நாற்பத்து மூன்று. மேற்படி ஆராய்ச்சிப் பண்ணையில் களக் கண்காணிப்பாளர். தங்கை கணவர் நேற்று முதல் காவலில் இருக்கிறார்.

எரிபொருளுக்காக, ஒருமுறை நட்டால் பல ஆண்டு தழைக்கும் புல்லை வளர்க்கிறோம். ஒரே தாய்ச் செடிக்கும் தகப்பன் செடிக்கும் பிறந்த புற்களை எண் போட்டு நட்டு, உயரமும் தண்டுப் பருமனும் அளந்து, வளர்ச்சியைக் கூட்டும் மரபணு எந்த இடத்தில் இருக்கிறது என்று வரைபடம் தயாரிக்கிறார்கள். அளப்பது என் வேலை. எழுபத்திரண்டுதான் எல்லாவற்றிலும் உயரம். எண் போட்ட புல் எதுவும் வெளியே போகக் கூடாது.

வயலைச் சுற்றி ஓர வரிசை உண்டு. ஓரத்துச் செடிக்கு வெளிச்சம் கூடுதலாகக் கிடைப்பதால் அதை அளப்பதில்லை, எண்ணும் போடுவதில்லை. நடவின்போது அதற்கென்று வாங்கிய சாதாரண ரகம் போதவில்லை. எண் செடிகளைப் பிரித்து நட்டதில் மிஞ்சிய, நட்டால் அதே செடியாகவே முளைக்கும் வேர்த்துண்டுகளை வைத்து நிரப்பும்படி தலைமை விஞ்ஞானி சொன்னார். எந்தத் துண்டு எங்கே போனது என்று யாரும் குறிக்கவில்லை. அதன் பிறகு, போன வருடம் டிராக்டர் திரும்ப இடம் போதாமல் ஓர வரிசையில் ஒரு பக்கத்தைப் பிடுங்கினோம். அதை வேலிக்கு நடத் தங்கை கணவர் கேட்டார். தலைமை விஞ்ஞானியிடம் சொன்னேன். "குப்பைக்கு எதுக்கும்மா பர்மிஷன்? உன் தங்கச்சி வீட்டுக்காரர் மாட்டுக்குப் போட்டாலும் சரி, மெத்தை தைச்சாலும் சரி" என்று சிரித்தார். அறையில் வேறு யாரும் இல்லை. பிடுங்கிய புல்லைத் தங்கை கணவர் எடுத்துப் போனார்.

ஓர வரிசை முழுக்கச் சாதாரண ரகம்தான் என்றும், எழுபத்திரண்டை நானே தோண்டிக் கொடுத்தேன் என்றும் இப்போது அவர் புகார் கொடுத்திருக்கிறார்.

கேட்டதன் பேரில் மேலும் சொல்கிறேன். தங்கை கணவர் ஒருமுறை என்னை அழைத்துப் போக வந்தபோது, எந்தப் புல் அதிக உயரம் என்று கேட்டார். காட்டினேன். போன மாதம் தங்கை வீட்டுக்குப் போனேன். புல் வேலியில் இல்லை. பின்பக்கம் அவருடைய நாற்றுப்பண்ணையில், பச்சை நிழல் வலைக்குள் தொட்டி தொட்டியாக இருந்தது. ஏன் என்று கேட்டேன். "வெயில் தாங்கலை அண்ணி, வாடிப் போகுது" என்றார். அந்தப் புல் வெயிலில்தான் வளரும், நிழலில் குட்டையாகிவிடும். அது அவருக்கும் தெரியும். "யார்கிட்டயிருந்து மறைக்கிறீங்க தம்பி?" என்றேன். டீ ஆறிப்போகும் என்று உள்ளே போய்விட்டார். எரிபொருள் ஆலைக்காரர் ஒருவர் வந்து பார்த்துவிட்டுப் போனதாகத் தங்கை பிறகு சொன்னாள்.

இன்று மதியம், ஓர வரிசையில் மீதி நிற்கும் பக்கங்களில் தலைமை விஞ்ஞானி, நான் இருவர் முன்னிலையிலும் சோதனைக்கு இலை எடுத்து முத்திரை வைத்தார்கள். அதில் எண் செடிகள் இருந்தால் தலைமை விஞ்ஞானி சொல்வது பொய்யாகும். ஆனால் பிடுங்கிய பக்கத்தில் எழுபத்திரண்டு இருந்ததா என்பதை அந்தச் சோதனையும் சொல்லாது.

இங்கே வரும்போது காவல் நிலைய வாசலில் தங்கை, "அவர் எடுத்திருப்பார்னு நீயும் நினைக்கிறியா அக்கா?" என்று கேட்டாள். முடிவு வரட்டும் என்றேன். வெள்ளிக்கிழமை வரும் என்கிறார்கள்.

எழுதியதைத் திரும்பப் படிக்கக் கேட்டேன். நான் சொன்னபடியே இருக்கிறது. யாரும் மிரட்டியோ ஆசை காட்டியோ வாங்கியதல்ல.

(ஒப்பம்)
களக் கண்காணிப்பாளர்