மருந்தடித்த தோப்பில் தேனீச் சத்தம்

— இருய்யா ஸஹ்ரான், இரு… கட்டுப்போட்ட காலோட வாய்க்காலைத் தாண்டி வரணுமா? நிஸ்வா ஆஸ்பத்திரியில இருந்து இப்பத்தானே வந்து இறங்கினே?

— உன் மூஞ்சி ஏன் கல்ஃபான் இப்படி வீங்கிக் கிடக்கு?

— அதுவா… கதவுல இடிச்சுக்கிட்டேன்.

— ரெண்டு கண்ணுமா?

— பெரிய கதவு. உட்காரு, காவா காப்பி ஊத்தறேன்.

— பாயெல்லாம் பிசுபிசுன்னு ஒட்டுமே…

— ஒட்டாது, தடவிப் பாரு. ஹெலிகாப்டர் வந்து மருந்தடிச்சிட்டுப் போச்சு. பேரீச்சை மரத்துச் சாறை உறிஞ்சி நம்ம தலையில ஒழுகவிடுமே அந்த துபாஸ் பூச்சி, ஒண்ணுகூட மிச்சமில்ல. இந்த வருஷம் எனக்குக் காய் நிக்கும்.

— அல்ஹம்துலில்லாஹ்.

— என்னய்யா, சண்டைக்கு வரலையா? "மருந்தடிச்சா என் தேனீ செத்துடும், விடமாட்டேன்"னு வருஷா வருஷம் குதிச்சவன்தானே நீ? உன்னால என் குலையெல்லாம் கறுத்துப்போய்… சரி, விடு. அந்த ஹெலிகாப்டர்காரங்களை நான் கூப்பிடல. அல்லாஹ் மேல ஆணை. காலையில வர்றாங்கன்னு பள்ளிவாசல்ல சொன்னப்பத்தான் எனக்கே தெரியும்.

— என் மரத்துண்டுக் கூடுங்களைப் பார்த்தேன். யாரோ தேனீ வெளிய வராம ஈரச்சாக்கு வச்சு வாயை அடைச்சு, அப்புறம் எடுத்துவிட்டிருக்காங்க.

— அப்படியா… யாரா இருக்கும்?

— கதவுல இடிச்சுக்கிட்டவனா இருக்கும்.

— …உன் தேனீங்களுக்கு நன்றியே கிடையாதுய்யா. காது மடலைக்கூட விடல.

— புகை போட்டியா?

— புகை போடணுமா?

— அட மடையா!

— சிரி, சிரி! எத்தனை கூடு போச்சு?

— ஒண்ணும் போகலடா. கார்ல வர்றப்ப மனசைக் கல்லாக்கிக்கிட்டு வந்தேன். தோப்பு சத்தமில்லாம கிடக்கும்னு நினைச்சேன். ரீங்காரம் கேட்டதும் அழுதுட்டேன் கல்ஃபான். நீ நல்லா இருக்கணும்.

— இரு, இரு… நீ ஆஸ்பத்திரியில கிடந்தே. நான் சொல்றதுக்கு முன்னாடி, கார்ல வர்றப்பவே மருந்தடிச்சது உனக்கு எப்படித் தெரியும்?

— காவா ஆறுதுய்யா, ஊத்து.

— ஸஹ்ரான்… நீ சம்மதிக்காம அவங்க வரவே மாட்டாங்களே?

— மரத்துல இருந்து விழுந்து கிடந்தவனை முதுகுல சுமந்துக்கிட்டு ஓடினியே… மூணு வருஷமா முகம் கொடுத்துப் பேசாதவனை! அதுக்கு நான் என்னத்தைக் கொடுப்பேன்? தேனீ போனாப் போகுது, உன் மரமாவது பிழைக்கட்டும்னு படுக்கையில இருந்தே போன் போட்டு, நான்தான்யா அவங்களை வரச்சொன்னேன்.