சிவப்பு நூலும் மஞ்சள் நூலும் இடம் மாறியது பற்றி

பெயர்: அபிதகுசாம்பாள். வயது: 17. தகப்பனார்: குப்புராஜ், பட்டு நெசவு. விலாசம்: கொசப்பாளையம், ஆரணி. நாள்: 15.7.1986.

நான் பிளஸ் டூ படிக்கிறேன். என் அக்கா குணசுந்தரி இவ்வூர் தனியார் மருத்துவமனையில் அவசரப் பிரிவு நர்ஸ். இருதய நோயாளிகளைக் கவனிப்பதற்கான சான்றிதழ்ப் பரீட்சையை அடுத்த மாதம் வேலூரில் எழுத இருந்தாள். அவள் வேலை பார்க்கும் மருத்துவமனை இ.சி.ஜி. மெஷினின் வயர்களில் நிறம் அழிந்துபோனதால் வலது கைக்குச் சிவப்பு, இடது கைக்கு மஞ்சள், கால்களுக்குப் பச்சையும் கறுப்பும் என்று அக்காதான் பட்டு நூல் கட்டி வைத்திருந்தாள். எல்லோரும் நூலைப் பார்த்தே வயரை மாட்டுவார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மருத்துவமனையில் அக்கா என்னைப் படுக்கவைத்துப் பழகினாள். "அசையாம படுடி, நீ ஆடினா கோடு ஆடும்" என்றாள். "கோடு ஆடட்டும்க்கா, நான் தாளம் போடறேன்" என்றேன். கை வயர் மாறினால் முதல் கோடு தலைகீழாக வரும், பரீட்சையில் கட்டாயம் கேட்பார்கள் என்றும் சொன்னாள். அதன் பிறகு அவள் கை கழுவப் போனபோது சிவப்பையும் மஞ்சளையும் அவிழ்த்து மாற்றிக் கட்டினேன். மறுநாள் மாலை பழகும்போது கண்டுபிடிக்கிறாளா பார்க்கலாம் என்று நினைத்தேன். நடுவில் நோயாளி வருவார் என்று நினைக்கவில்லை.

திங்கள் பகல் பன்னிரண்டரைக்கு அக்காவுக்கு டிபன் கொண்டுபோனேன். களம்பூர் ரைஸ் மில் துரைக்கண்ணு என்பவர் நெஞ்சு வலியோடு படுத்திருந்தார். சட்டை முழுக்க வியர்வை. டாக்டர் இ.சி.ஜி. காகிதத்தைப் பார்த்து, "இன்னாம்மா இது, மொதக் கோடு தலைகீழா வருது, இவருக்கு இதயம் வலப்பக்கமா இருக்குதா? எக்ஸ்ரேவுக்கு அனுப்பு" என்றார். அக்கா, "இல்ல சார், மார்புல எடுத்த கோடு சரியா ஏறிகினுதான் வருது, இதயம் வலப்பக்கம்னா அது ஏறாது. கை வயருதான் மாறியிருக்கணும். ஒரு தரம் மாத்தி எடுத்துடலாம்" என்றாள். "நூல் கட்டினது நீதான? பரீட்சைய வேலூர்ல எழுது. ஜல்தி அனுப்பு" என்றார். அக்கா நூலையே பார்த்தாள். துரைக்கண்ணு என் கையைப் பார்த்து, "டிபன்ல இன்னா பாப்பா?" என்றார். "புளிசாதம்" என்றேன். அந்த அறையில் நான் பேசியது அந்த ஒரு வார்த்தைதான். பள்ளியில் என் வாயை யாராலும் அடைக்க முடிந்ததில்லை.

அதன் பிறகு அவரை ரிக்ஷாவில் ஏற்றி இரண்டு தெரு தள்ளி எக்ஸ்ரேவுக்குக் கொண்டுபோனார்கள். அங்கேயே இறந்துவிட்டார். நர்ஸ் நூலைத் தப்பாகக் கட்டிவிட்டாள் என்று டாக்டர் சொன்னதன் பேரில் துரைக்கண்ணுவின் மனைவி காசியம்மாள் அக்காமீது புகார் கொடுத்தார். அக்கா வீட்டுக்கு வந்து பாடப் புத்தகங்களை மூட்டையாகக் கட்டினாள்.

இன்று காலை அப்பாவுடன் நானாகவே போலீஸ் நிலையத்துக்கு வந்தேன். இன்ஸ்பெக்டர், "அக்காவக் காப்பாத்தக் கத கட்டறியாம்மா?" என்றார். கைப்பற்றிய வயர்களைப் பார்க்கும்படி கேட்டுக்கொண்டேன். பச்சையிலும் கறுப்பிலும் இருப்பது அறுந்த இழையைத் தறியில் சேர்க்கும் முடிச்சு. அக்காவுக்கு அதுதான் வரும். எனக்கு அது வராது, தறியில் உட்காராமல் ஓடிவிடுவேன். சிவப்பிலும் மஞ்சளிலும் இருப்பது ஜடைக்குப் போடும் ரிப்பன் முடிச்சு. இன்ஸ்பெக்டர் ஒரு நூலும் பேனாவும் கொடுத்துக் கட்டச் சொன்னார். பேனாவைச் சுற்றிக் கட்டிக் காட்டினேன். ரிப்பன் முடிச்சுதான்.

அப்போதே நான் சொல்லியிருந்தால் அவர் பிழைத்திருப்பாரா என்று கேட்டேன். அதை எழுத வேண்டாம் என்றார் இன்ஸ்பெக்டர். எழுதும்படி கேட்டுக்கொண்டேன்.

படித்துக் காட்டக் கேட்டேன். நான் சொன்னபடியே உள்ளது, யாரும் சொல்லிக்கொடுத்துச் சொல்லவில்லை.

(ஒப்பம்) கு. அபிதகுசாம்பாள்